தெப்பம் வேறு, தோணி வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மார்க் ட்வைன் அறிமுகக் கட்டுரை அவரைச் சிறுவர் கதை எழுதிய நகைச்சுவையாளர் என்று நிறுவுவதற்கு முக்கால் பக்கம் எடுத்துக்கொண்டது. மற்ற நூல்களுக்குக் கிடைத்தது "பயணக் கட்டுரைகளும் எழுதினார்" என்ற ஒரே வரி. புனைவு ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தால் இந்த எழுத்தாளரிடம் எதுவுமே சரியாகப் புரியாது. அவரே பக்கங்களை ஒன்றிலிருந்து பிடுங்கி மற்றொன்றில் நட்டவர். 'ஹக்கிள்பெர்ரி ஃபின்' நாவலைப் பற்றி உங்கள் கட்டுரையில் உள்ள ஒரு சிறு வாக்கியத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்: "ஹக்கும் ஜிம்மும் படகில் தப்பிச் செல்கிறார்கள்."

சிறுவன் ஹக்கும் தப்பியோடும் அடிமை ஜிம்மும் படகில் போகவில்லை. அவர்களிடம் இருப்பவை இரண்டு. ஒன்று தோணி. மிசிசிப்பி ஆற்றில் வெள்ளம் ஏறும்போது மிதந்து வந்ததை ஹக் பிடித்து வைக்கிறான். 13 அல்லது 14 அடி நீளம். மற்றொன்று தெப்பம். அதுவும் வெள்ளத்தில் வந்ததுதான், பெரிய மரத்தெப்பம் ஒன்றிலிருந்து அறுந்த துண்டு. பைன் பலகை, 12 அடி அகலம், 15 அல்லது 16 அடி நீளம், தண்ணீருக்கு மேல் 6, 7 அங்குலம் நிற்கும் சமதளம். அதன்மேல் ஜிம் ஒரு குடில் கட்டுகிறான். கப்பல் கிளப்பும் அலை போர்வைகளை நனைக்காதபடி குடிலின் தரையை ஓர் அடிக்கு மேல் உயர்த்துகிறான். நடுவே 5, 6 அங்குலத்துக்கு மண் கொட்டிச் சட்டம் அடைத்து அடுப்பு ஆக்குகிறான். துடுப்பு முறிந்தால் வேண்டும் என்று உபரியாக ஒன்று செய்து வைக்கிறான். இத்தனை அளவையும் ட்வைன் வீணுக்குக் கொடுக்கவில்லை. தெப்பம் நீரோட்டத்தோடு கீழே மட்டுமே போகும், தோணியைத்தான் எதிர்த்து மேலே செலுத்த முடியும். கதையின் முடிச்சே இதில் இருக்கிறது.

அவர்கள் போக நினைக்கும் இடம் இல்லினாய் மாநிலத்தின் தென்முனையில், ஒஹாயோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ. அங்கே தெப்பத்தை விற்றுவிட்டு, நீராவிக் கப்பல் ஏறி, ஒஹாயோ வழியாக அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குள் போய்விட வேண்டும் என்பது திட்டம். 15ஆம் அத்தியாயத்தில் மூடுபனி வருகிறது. தெப்பத்தைக் கட்டுவதற்குக் கயிற்றோடு தோணியில் முன்னே போன ஹக், தெப்பம் கட்டு பிய்த்துக்கொண்டு போனதால் ஜிம்மைப் பிரிகிறான். அந்தப் பனியிலேயே கெய்ரோவைக் கடந்துவிடுகிறார்கள். 16ஆம் அத்தியாயத்தில் அது தெரிந்த பிறகும் வழி இருக்கிறது: இருட்டட்டும், தோணியில் ஏறித் திரும்பலாம். இருட்டும்போது பார்த்தால் தோணியைக் காணவில்லை. இன்னொரு தோணி வாங்கும்வரை தெப்பத்திலேயே கீழே போவதென்று முடிவெடுக்கிறார்கள். அன்றிரவே கப்பல் ஒன்று தெப்பத்தை மோதி ஏறிப் போகிறது. சுருக்கப் பதிப்பில் இரண்டையும் 'படகு' என்று எழுதிவிட்டால், "ஏன் திரும்பிப் போகவில்லை?" என்று கேட்கும் பன்னிரண்டு வயது வாசகனுக்குப் பதில் இல்லை. தப்பியோடும் அடிமை ஒருவன் அடிமைமுறை வேரோடிய தெற்கை நோக்கி ஏன் போகிறான் என்ற கேள்விக்கும் பதில் இல்லை. கட்டுமரம் என்றும் எழுதக் கூடாது. அந்தச் சொல் குறுகலான வேறொரு வடிவத்தைக் கண்முன் கொண்டுவரும், அதன்மேல் குடிலும் அடுப்பும் நிற்காது.

இப்போது ட்வைனின் கட்டுரை நூல் ஒன்றுக்கு வருகிறேன். 'கெய்ரோவைத் தாண்டிவிட்டோம்' என்று ஹக்குக்கு எப்படித் தெரிந்தது? காலையில் பார்த்தால் கரையோரம் தெளிந்த தண்ணீர், அதற்கு அப்பால் மிசிசிப்பியின் வழக்கமான கலங்கல். தெளிந்தது ஒஹாயோவின் தண்ணீர் என்று அவன் உடனே புரிந்துகொள்கிறான். ஆற்றோரச் சிறுவனுக்கு இது எங்கிருந்து தெரியும் என்பதற்கு விற்பனையில் உள்ள பல பதிப்புகளில் விடை கிடைக்காது. ட்வைன் எழுதியிருந்தார். ஹக் இரவில் நீந்திப் போய் ஒரு பெரிய மரத்தெப்பத்தில் ஏறி, மரக்கட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு தெப்பக்காரர்களின் பேச்சைக் கேட்கிறான். வீறாப்பு, சண்டை, பேய்க்கதை எல்லாம் உண்டு. நடுவில் இரண்டு ஆற்றுத் தண்ணீரைப் பற்றியும் பேசுகிறார்கள்: மிசிசிப்பி ஏறி ஒஹாயோ இறங்கியிருக்கும்போது இரண்டும் சீக்கிரம் கலக்காது, கிழக்குக் கரையை ஒட்டி நூறு மைலுக்கு மேல் தெளிந்த நீர் தனிப்பட்டையாக ஓடும் என்று.

இந்தப் பகுதி எங்கே போயிற்று? 1883இல் வெளிவந்த 'மிசிசிப்பி நதி வாழ்க்கை' என்ற கட்டுரை நூலின் 3ஆம் அத்தியாயத்துக்குள் போயிற்று. "நான் பல ஆண்டுகளாக விட்டுவிட்டு எழுதிவரும் ஒரு நாவலிலிருந்து" என்ற தோரணையில் அறிமுகம் செய்து, தெப்பக்காரர் வாழ்க்கைக்குச் சான்றாக அங்கே வைத்தார். மறு ஆண்டு நாவல் அச்சுக்குப் போகும்போது, 'டாம் சாயர்' நூலோடு சேர்த்து விற்பதற்கு இது அளவில் பெரிதாக இருக்கிறது, ஏற்கெனவே வெளியான பகுதியை எடுத்துவிடலாமே என்றார் அவருடைய பதிப்பகத்தை நடத்திய சார்லஸ் வெப்ஸ்டர். ட்வைன் சரி என்றார். புத்தகத்தின் கனத்துக்காக எடுத்த முடிவு கதையில் ஓட்டை போட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக அச்சகத்தின் பதிப்பு இதை 16ஆம் அத்தியாயத்தில் திரும்பச் சேர்த்திருக்கிறது. எனவே தமிழில் யாராவது முழுமையாக மொழிபெயர்க்க எடுத்தால், கையில் உள்ள மூலத்தில் 16ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெப்பக்காரர்கள் இல்லையென்றால் அது பழைய 1885 வடிவம்.

நாவல் வெளியான ஆண்டு 1884 என்கிறது உங்கள் கட்டுரை. தவறில்லை, பாதிதான் சரி. பிரிட்டனில் பதிப்புரிமை பெற அங்கே முதலில் வெளியிட வேண்டியிருந்தது. அதனால் 1884 டிசம்பரில் லண்டன் பதிப்பு வந்தது. அமெரிக்கப் பதிப்பு 1885 பிப்ரவரியில் வந்தது. அந்தத் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அச்சுக்கூடத்தில் யாரோ ஒரு படத்தின் தகட்டை ஆபாசமாகத் திருத்தி வைத்திருந்தார்கள். விற்பனை முகவர்களுக்கு மாதிரிகள் போன பிறகே தெரிந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு மாற்றுப் பக்கம் ஒட்ட வேண்டியதாயிற்று.

'மிசிசிப்பி நதி வாழ்க்கை' நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிப் பாதியில் மூடிவைப்பவர்கள் பலர். குறை வாசகருடையது மட்டுமில்லை, அது ஒட்டுப்போட்டுத் தைத்த புத்தகம். 4 முதல் 17 வரையான அத்தியாயங்கள் 1875இல் அட்லாண்டிக் மாத இதழில் ஏழு பகுதிகளாக வந்தவை. நூலின் உயிர் அங்கேதான். 18 முதல் 20 வரை அதன் தொடர்ச்சி. 1858இல் பென்சில்வேனியா என்ற நீராவிக் கப்பல் கொதிகலன் வெடித்து, தம்பி ஹென்றி இறந்தது 20இல் வருகிறது. 22இலிருந்து 1882ஆம் ஆண்டு மறுபயணம். கூடவே பிறர் நூல்களிலிருந்து எடுத்த நீண்ட மேற்கோள்கள், புள்ளிவிவரம், ஊர்க்கதை, பின்னிணைப்பு. இவ்வளவு இட்டு நிரப்பியதற்குக் காரணம் அன்றைய விற்பனை முறை. புத்தகக் கடையில் வைத்து விற்காமல், மாதிரிப் பக்கங்களும் அட்டை மாதிரிகளும் கொண்ட ஒரு விளம்பரப் பிரதியைத் தூக்கிக்கொண்டு முகவர்கள் வீடு வீடாகப் போய் முன்பதிவுக்கு ஆள் சேர்ப்பார்கள். கொடுக்கும் காசுக்குப் புத்தகம் கனமாக இருக்க வேண்டும், படங்கள் நிறைய வேண்டும். 1869இல் வந்த 'வெளிநாட்டில் வெள்ளந்திகள்' 600 பக்கங்களைத் தாண்டுவதும் அதனால்தான். இதைத் தெரிந்துகொண்டவர் 4இல் தொடங்கி 20 வரை படித்துவிட்டு, மிச்சத்தைப் புரட்டிப் பார்த்துப் பிடித்ததை மட்டும் படிக்கலாம். குற்ற உணர்ச்சி தேவையில்லை.

அந்தப் பதினேழு அத்தியாயங்களில் உள்ளது ட்வைன் இளமையில் கற்ற ஒரு தொழிலின் பாடம்: நீராவிக் கப்பலை ஆற்றில் வழிநடத்தும் பைலட் வேலை. பைலட் என்றால் இன்று விமானி என்று படும். 'மாலுமி' என்று போட்டால் பொருள் கெடும். ஆற்றில் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு கப்பல் தலைவருக்கும் மேலான அதிகாரம் பைலட்டுடையது. செயின்ட் லூயிஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஏறக்குறைய 1200, 1300 மைல் ஆற்றின் வடிவத்தை இருட்டில் மனக்கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டும். அந்த வடிவமோ ஒவ்வொரு வெள்ளத்திலும் மாறும். தண்ணீரின் மேல் சாய்வாக ஒரு கோடு தெரிந்தால் அடியில் மணல்திட்டு, ஏறினால் கப்பல் போச்சு. காற்று மட்டும் உண்டாக்கும் கோடும் அச்சாக அதே மாதிரி இருக்கும், அதன்மேல் தாராளமாக ஏறிப் போகலாம். இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது என்று சீடன் கேட்டால் குருவால் சொல்ல முடிவதில்லை. ஒருநாள் உனக்கே தெரிய வரும் என்கிறார். கற்றுத் தேர்ந்த பிறகு, அந்தி வெயிலில் சிவந்த ஆறு அழகாகத் தெரியாமல் போய்விட்டது என்கிறார் ட்வைன். சிவப்பு நாளைய காற்றின் அறிகுறி, நுரைக்கோடு ஆபத்தின் அறிகுறி, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலறிவு நாவலுக்குள் எப்படி ஒளிந்திருக்கிறது பாருங்கள். தெப்பத்தில் விளக்கு மாட்ட ஒரு கவைக்கொம்பை நடுகிறார்கள். ஆற்றில் இறங்கி வரும் கப்பலைக் கண்டால் விளக்கேற்ற வேண்டும். ஏறி வரும் கப்பலுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்கிறான் ஹக். இறங்கும் கப்பல் வேகமான நடு நீரோட்டத்தில் வரும், தெப்பமும் அதில்தான் போகும். ஏறும் கப்பலோ, தண்ணீர் நிறைய உள்ள காலத்தில், ஓட்டம் குறைந்த ஓரத்தைத் தேடிப் போகும். இந்த விளக்கத்தைச் 'சிறுவர் பதிப்பு' தயாரிப்பவர்கள் முதல் வேலையாக வெட்டிவிடுகிறார்கள்.

'மார்க் ட்வைன்' என்ற புனைபெயரைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி. 'இரண்டைக் குறி' என்று அதை மொழிபெயர்த்திருக்கிறீர்கள். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை ஆற்றில் இறக்கி ஆழம் பார்ப்பவர் கூவும் சொல் அது. கயிற்றில் இரண்டாவது அடையாளம், இரண்டு பாகம், அதாவது 12 அடி. ஒரு பாகம் 6 அடி என்பது நம் கடலோடிகளின் கணக்கும்தான். ('இரண்டாம் பாகம்' என்று எழுதிவிடாதீர்கள், சினிமாவாகிவிடும்.) அந்தக் கூவல்களுக்குத் தமிழில் தனியாக முயற்சி தேவைப்படாது, நம் பின்னச் சொற்கள் அப்படியே பொருந்தும். 18 அடி மூன்று, 16½ இரண்டேமுக்கால், 15 இரண்டரை, 13½ இரண்டேகால், 12 இரண்டு, 10½ ஒன்றேமுக்கால். 13ஆம் அத்தியாயத்தில் குரு பிக்ஸ்பி சீடனைச் சோதிக்கிறார். அடி காணாத ஆழமுள்ள இடத்தில் ஆழம் பார்ப்பவரைப் பொய்யாகக் கூவச் சொல்லிவிட்டு ஒளிந்து பார்க்கிறார். நான்கு, மூன்று, இரண்டேமுக்கால், இரண்டரை என்று இறங்கி ஒன்றேமுக்கால் வந்ததும் அடுத்த கூவல் 'ஒன்பதரை'. மொழிபெயர்ப்பவர் வழுக்கி விழும் இடம் இதுதான். இதுவரை பாகம், இப்போது அடி. கப்பலின் அடிப்பாகம் 9 அடி தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது, மிச்சம் அரை அடி. அலகு மாறியதை வாக்கியத்துக்குள்ளேயே காட்டாவிட்டால் ஆழம் கூடிவிட்டதாக வாசகர் நினைப்பார். சீடன் ஏன் அலறி அடித்துக் கப்பலைப் பின்னே எடுக்கச் சொல்கிறான் என்பது விளங்காது.

கட்டுரை நூல் என்பதால் அதிலுள்ளதெல்லாம் நடந்தது என்றும் கொள்ள வேண்டாம். ஒன்றும் தெரியாத விடலைப்பையன் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும் அந்தச் சீடனுக்கு, 1857இல் பிக்ஸ்பியிடம் சேரும்போது வயது 21. கட்டணம் 500 டாலர். தேர்ச்சி பெற்றதும் சம்பளத்திலிருந்து தருவதாக ஒப்பந்தம் என்கிறது நூல். உண்மையில் 100 டாலரை முன்பணமாக, அக்காள் கணவரிடம் கடன் வாங்கிக் கட்டினார். உரிமம் கிடைத்தது 1859 ஏப்ரலில். 50ஆம் அத்தியாயத்தில், ஐசையா செல்லர்ஸ் என்ற மூத்த பைலட் பத்திரிகையில் பயன்படுத்திய பெயரை, அவர் இறந்த செய்தி கேட்டுத் தான் எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார். சாமுவேல் கிளெமென்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட இவர் நெவாடாவில் 'மார்க் ட்வைன்' என்று கையெழுத்திட்டது 1863 பிப்ரவரியில். செல்லர்ஸ் இறந்தது 1864இல். செல்லர்ஸ் அந்தப் பெயரில் எழுதியதற்கும் சான்று கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் 1874இல் அட்லாண்டிக் இதழில் வந்த 'உண்மைக் கதை'. எல்மைராவில் உறவினர் பண்ணையில் சமையல் வேலை செய்த மேரி ஆன் கார்ட் என்ற முன்னாள் அடிமை, ஏலத்தில் தன் பிள்ளைகள் ஒவ்வொருவராக விற்கப்பட்டதையும், கடைசி மகனைப் போர்க்காலத்தில் திரும்பக் கண்டதையும் சொன்னது. கேட்டபடியே வார்த்தைக்கு வார்த்தை எழுதியதாகத் துணைத்தலைப்பு. தான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று, அவர் நடுவில் தொடங்கியதை முதலிலிருந்து தொடங்கியதுதான் என்று அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் ஹவெல்ஸுக்கு எழுதினார். நகைச்சுவையாளர் என்று பெயரெடுத்தவர் சிரிப்புக்கு இடமே இல்லாமல், ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயாலேயே கதை முழுவதையும் சொல்ல வைத்தது இதில். ஹக் தன் வாயால் கதை சொல்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த பயிற்சி என்றே இதை எடுத்துக்கொள்வேன். நாவலைத் தொடங்கியது 1876இல்.

1894இல் வந்த 'பட்டன்ஹெட் வில்சன்' நாவலை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. அடிமைப் பெண் ஒருத்தி தன் குழந்தையையும் எஜமானின் குழந்தையையும் தொட்டிலில் மாற்றிவிடுகிறாள். ஊரார் கோமாளி என்று ஒதுக்கிய வக்கீல், கண்ணாடிச் சில்லுகளில் பல ஆண்டுகளாகச் சேகரித்த கைரேகைகளை வைத்து நீதிமன்றத்தில் உண்மையை உடைக்கிறார். ஃபிரான்சிஸ் கால்டனின் கைரேகை நூல் 1892இல் வந்தது, நாவல் அதை உடனே பயன்படுத்திக்கொண்டது. ஆனால் பெருவிரல் ரேகையால் கொலைகாரனை அடையாளம் காணும் கதை ஒன்றை ட்வைன் 1883லேயே எழுதிவிட்டார். எங்கே? மறுபடியும் 'மிசிசிப்பி நதி வாழ்க்கை'தான், 31ஆம் அத்தியாயம். இந்த நாவல் முதலில் உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பற்றிய கேலிக்கதையாகத் தொடங்கியது. துணைப்பாத்திரங்கள் கதையைப் பிடித்துக்கொண்டதும், இரட்டையர் கதையை உருவி எடுத்துத் தனியாக்கி, அதே நூலில் பின்னால் சேர்த்து, நடந்ததை அவரே விளக்கவும் செய்தார். உருவிய தழும்பு நாவலில் தெரிகிறது. ஒட்டியிருந்தவர்கள் தனித்தனி ஆட்களாகிவிட்ட பிறகும், ஒட்டியிருந்தால் மட்டுமே பொருந்தும் சில வரிகள் அப்படியே நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் அவற்றைத் 'திருத்த' வேண்டாம்.

அந்த ஆண்டுதான் அவர் திவாலானதும். காரணம் இரண்டு. ஒன்று, ஜேம்ஸ் பேய்ஜ் உருவாக்கிய அச்சுக்கோக்கும் இயந்திரம். ஏறக்குறைய 18,000 பாகங்கள். தனித்தனி எழுத்துகளைக் கோத்து, வரியைச் சரிக்கட்டி, அச்சடித்து முடிந்ததும் அவற்றைத் திரும்பப் பிரித்து அறைகளில் போட்டு, மனிதக் கை செய்வதையெல்லாம் அது செய்ய முயன்றது. ஓடினால் அற்புதம், ஆனால் ஏதாவது ஒரு பாகம் எப்போதும் உடையும். அதற்குள் 1886லேயே லைனோடைப் வந்துவிட்டது. அது எழுத்தைத் திரும்பப் பிரிக்கும் தொல்லையையே ஒழித்தது: உருக்கிய உலோகத்தில் முழு வரியையும் வார்த்து, வேலை முடிந்ததும் மறுபடி உருக்கிவிடும். சிறு வயதில் அச்சுக்கோத்தவர் என்பதால்தான் ட்வைனுக்குக் கையைப் போலச் செய்யும் இயந்திரத்தின் மீது மயக்கம் என்று எனக்குத் தோன்றும். தன் சம்பாத்தியத்தையும் மனைவி ஒலிவியாவின் சொத்தில் பெரும் பங்கையும் அதில் போட்டார். இரண்டாவது, அவருடைய சொந்தப் பதிப்பகம். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெனரல் கிராண்டின் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டு, 1886இல் கிராண்டின் மனைவிக்கு முதல் காசோலையாகவே 2,00,000 டாலர் கொடுத்த நிறுவனம் அது. (அந்த நூலை ட்வைனே எழுதிக்கொடுத்தார் என்பது வதந்தி, தொண்டைப் புற்றுநோயோடு கிராண்ட் தானே எழுதினார்.) பிறகு பல தொகுதிகள் கொண்ட அமெரிக்க இலக்கியத் திரட்டு ஒன்றைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. காகிதம், அச்சு, பைண்டிங், முகவர் கழிவு எல்லாம் முன்கூட்டியே போகும்; வாடிக்கையாளர் பணம் மாதாமாதம் துளித்துளியாக வரும். விற்பனை கூடக் கூடக் கடனும் கூடியது.

கடனை அடைக்க 1895 கோடையில் உலகச் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார். அதிலிருந்து பிறந்த நூல் 1897இல் வந்த 'பூமத்திய ரேகையைத் தொடர்ந்து'. இந்தியாவுக்கு 1896 ஜனவரியில் வந்து மார்ச் இறுதியில் புறப்பட்டார். கல்கத்தாவிலிருந்து இலங்கை போகும் வழியில் சென்னையில் கப்பல் நின்றது ஒரே ஒரு நாள். நூலிலும் சென்னைக்கு அவ்வளவுதான் இடம். உங்கள் கட்டுரை பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கும் மேற்கோள், இந்தியா மனிதகுலத்தின் தொட்டில், மொழியின் பிறப்பிடம், வரலாற்றின் தாய் என்பது, இந்நூலின் 38ஆம் அத்தியாயத்தில் உள்ளதுதான், போலி இல்லை. ஆனால் அது ஒரு நீண்ட வாக்கியத்தின் பின்பாதி. முன்பாதியில் பெருஞ்செல்வத்தோடு பெருவறுமை, பகட்டோடு கந்தல், மாளிகையோடு குடிசை, பஞ்சம், கொள்ளைநோய், புலி, பாம்பு, அலாவுதீன் விளக்கு எல்லாம் வரிசையாக வருகின்றன. தாயை அடுத்துப் 'பழங்கதையின் பாட்டி, மரபின் கொள்ளுப்பாட்டி' என்று அடுக்குவதில் அவருடைய குறும்பும் இருக்கிறது. பாராட்டுப் பத்திரமாக வெட்டி எடுத்தால் குறும்பும் போய்விடுகிறது, பஞ்சமும் போய்விடுகிறது. இன்னொன்று: அந்த நூலின் அத்தியாயங்களுக்குத் தலையில் உள்ள பொன்மொழிகளை ட்வைனின் கருத்தாக நாம் எடுத்தாள்கிறோம். செவ்வியல் நூல் என்பது எல்லோரும் புகழ்ந்து யாரும் படிக்காதது என்ற பிரபல வாக்கு அவற்றில் ஒன்று. அவற்றை எழுதியவராக நூலில் காட்டப்படுபவர் பட்டன்ஹெட் வில்சன், நாவலின் அதே வக்கீல். பயண நூலுக்குள் கற்பனைப் பாத்திரத்தின் நாட்காட்டி.

பிற்கால அரசியல் எழுத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், கிடைப்பதும் எளிது. பிலிப்பைன்ஸ் போரையும் சீனாவில் மிஷனரிகள் இழப்பீடு வசூலித்ததையும் தாக்கிய 'இருளில் இருப்பவருக்கு' 1901இல் வந்தது. காங்கோ கொடுமைகள் குறித்த 'லியோபோல்டு மன்னரின் தனிமொழி' 1905இல். பின்னது கட்டுரையா நாடகமா என்று பிரிக்க முடியாது: பெல்ஜிய மன்னரே பேசுகிறார், தன்னால் விலைக்கு வாங்க முடியாத ஒரே சாட்சி கோடக் கேமரா என்று புலம்புகிறார். 'போர்ப் பிரார்த்தனை'யை 1905இல் ஒரு பத்திரிகை மறுத்தது. அச்சில் வந்தது ட்வைன் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1923இல்.

பதிப்பு பார்த்து வாங்க வேண்டிய இரண்டு நூல்கள் உண்டு. 'மர்ம அந்நியன்' என்று 1916இல் வந்த நூல் ட்வைன் எழுதி முடித்த நூல் இல்லை. 1897 முதல் 1908 வரை மூன்று வெவ்வேறு கைப்பிரதிகளாக எழுதி, எதையும் வெளியிடாமல் போனார். அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் பெயினும் ஹார்ப்பர் நிறுவனத்தின் டுனெகாவும் முதல் பிரதியை எடுத்து, கணிசமாக வெட்டி, கெட்ட பாதிரியார் செய்வதையெல்லாம் தாங்களே புகுத்திய ஒரு ஜோதிடர் தலையில் ஏற்றி, மூன்றாம் பிரதிக்கென எழுதிய முடிவைப் பெயர் மாற்றி ஒட்டினார்கள். ஆய்வாளர் ஜான் டக்கி 1963இல் இதை வெளிப்படுத்தினார். மூன்று பிரதிகளும் உள்ளபடியே 1969இல் அச்சாயின. கதையில் ஜோதிடர் வந்தால் உங்கள் கையில் இருப்பது 1916 உரை. மூன்றாவது பிரதியான 'எண் 44' ஓர் அச்சுக்கூடத்தில் நடப்பது. அவர் தொழிலறிவு அதிலும் கொட்டிக் கிடக்கிறது.

மற்றொன்று தன்வரலாறு. 1906 முதல் தினமும் மனம்போன போக்கில் வாய்மொழியாகச் சொல்லிச் சுருக்கெழுத்தில் எடுக்கவைத்தார். கால வரிசை வேண்டாம் என்பது அவர் முடிவு. 1959 பதிப்பு அதைக் காலவரிசையில் அடுக்கிவிட்டது. படிக்க எளிது, ஆனால் அவர் அமைத்தது அப்படியில்லை. முழு வடிவம் 2010, 2013, 2015 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. ஹக் நாவலின் கடைசிப் பகுதியில் வரும் பண்ணை, மிசௌரியில் தன் சித்தி வீட்டுக்காரர் ஜான் குவார்ல்ஸின் பண்ணைதான், அதை அறுநூறு மைல் தள்ளி ஆர்கன்சாவுக்கு நகர்த்துவதில் சிரமம் இருக்கவில்லை என்று அதில் சொல்கிறார். பண்ணை அப்படியொன்றும் பெரிதில்லையாம்.

கடைசியாக மொழி. நாவலின் முகப்பில் ஏழு வட்டார வழக்குகளைப் பயன்படுத்தியிருப்பதாக ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. ஏழுக்கும் ஏழு தமிழ் வட்டாரங்களைத் தேடுவது வீண்வேலை, ஜிம்முக்கு நம்மூர்ச் சாதி வழக்கு ஒன்றை மாட்டிவிடுவது அதைவிட மோசம். செய்ய வேண்டியது வேறு. உரையாடலைப் பேச்சுத்தமிழிலும் கதை சொல்லலை எழுத்துத்தமிழிலும் வைக்கும் நம் வழக்கம் இந்த நாவலுக்கு ஆகாது. முழுக் கதையையும் சொல்பவன் பள்ளிக்கூடம் பிடிக்காத ஹக். அவன் 'சென்றுகொண்டிருந்தோம்' என்று சொல்ல மாட்டான். கறுப்பினத்தவரைக் குறித்து நூலில் இருநூறு தடவைக்கு மேல் வரும் இழிசொல்லுக்குப் பதிலாக 'அடிமை' என்று போடுவதும் சரிவராது. 2011இல் ஓர் ஆங்கிலப் பதிப்பு அப்படிச் செய்தது. ஆனால் 6ஆம் அத்தியாயத்தில் ஹக்கின் குடிகார அப்பன் வசைபாடுவது ஒஹாயோவிலிருந்து வந்த, அடிமையல்லாத, வாக்குரிமை உள்ள ஒரு கறுப்பினப் பேராசிரியரை. அங்கே 'அடிமை' என்று போட்டால் வாக்கியமே விழுந்துவிடும். அப்பனின் ஆத்திரத்துக்குக் காரணமே அவர் அடிமை இல்லை என்பதுதான்.

தொடரின் அடுத்த பகுதியில் நாவலிலிருந்து ஒரு பத்தி வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். 'டாம் சாயர்' நூலின் வழக்கமான வேலி வெள்ளையடிப்புக்குப் பதிலாக ஹக் நாவலின் 16ஆம் அத்தியாயத்தில் தோணி காணாமல் போகும் பக்கத்தை எடுங்கள், தெப்பக்காரர்களின் தண்ணீர்ப் பேச்சில் நாலு வரியும் சேர்த்து. பெட்டிச் செய்தியில் இந்தியா வாக்கியத்தின் முன்பாதியையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்